கண்டம் கழிந்தவன்

எங்கள் தோட்டத்து ஸ்டோரில் சாவுக்குத் தப்பியவனுக்கு உத்தியோக உயர்வு உண்டு. சம்பளம் ஏறாது. ஓடுகிற பெல்ட்டை மாட்டுகிற வேலையை மட்டும் அவனிடம் கொடுத்துவிடுவார்கள்.

ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. கொட்டகலை ஸ்டேசனிலிருந்து மூன்று மைல்கட்டை மேலே ஏற வேண்டும். அங்கே நான் இன்ஜின் டிரைவர், பெயர் கஸ்பர். டிரைவர் என்றதும் ஊர் சுற்றுகிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். என் இன்ஜின் எங்கேயும் போகாது. பதினொரு வருஷமாக அதுவும் நானும் ஒரே இடத்தில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தோம். அது எண்ணெய் குடித்துச் சத்தம் போட்டது, நான் சும்மாவே போட்டேன். மூன்று டிவிசனிலும் எனக்குக் கோபக்காரன் என்று பெயர்.

இன்ஜின் அறைக்கும் ரோலர் அறைக்கும் நடுவே ஒரு சுவர். சுவரில் உள்ள ஓட்டை வழியாகப் பெரிய பெல்ட் ஒன்று அந்தப் பக்கம் போய், கூரைக்குக் கீழே கிடக்கிற நீள இரும்புத் தண்டைச் சுற்றும். அந்தத் தண்டிலிருந்து நான்கு பெல்ட்டுகள் இறங்கி நான்கு ரோலர்களை ஓட்டும். ரோலரில்தான் வாடின கொழுந்து அரைபட்டுச் சுருளும். மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் பெல்ட் வழுக்கிக் கழன்றுவிடும். இன்ஜினை நிறுத்தி, பெல்ட்டை மாட்டி, மறுபடி கிளப்ப வேண்டும், அதுதான் முறை. ஆனால் நிறுத்தின இன்ஜினைக் கிளப்ப இரும்புச் சிலிண்டரில் கைப்பம்பால் காற்றடித்து ஏற்ற வேண்டும். முக்கால் மணி நேரம் போய்விடும். அதற்குள் மற்ற ரோலர்களில் கிடக்கும் கொழுந்து சூடேறிப் புளித்துவிடும். அதனால் எங்கள் ஸ்டோரில் ஓட ஓடவே மாட்டுவார்கள். ஒருவன் பலகை மேல் ஏறி நின்று, தண்டில் சுற்றுகிற சக்கரத்தின் விளிம்பில் பெல்ட்டை வைத்து உள்ளங்கையால் ஒரே தள்ளு. அதற்கென்று ஒரு கம்பும் உண்டு. கம்பால் தள்ளினால் மூன்று தடவை வழுக்கும், கையால் என்றால் ஒரே தடவை.

இதற்கு ஆள் பொறுக்குவதில்தான் எங்கள் ஆட்களின் மூளை வேலை செய்தது. ஒவ்வொருவருக்கும் ஆயுளில் ஒரு கண்டம் இருக்கிறதாம். அதில் தப்பிவிட்டால் அப்புறம் ஆள் கெட்டி. ஆகவே ஸ்டோருக்குள் எவனாவது மயிரிழையில் தப்பினால் தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் அறுத்து, எல்லாருக்கும் ஆளுக்கொரு சில் கொடுத்து, அடுத்த வாரமே அவனைப் பலகை மேல் ஏற்றிவிடுவார்கள். கண்டம் கழிந்தவனை விட்டால் வேறு யாரை ஏற்றுவது? நான் வேதக்காரன். எங்களுக்குக் கண்டம் கிடையாது, கழுத்தில் அந்தோனியார் சுரூபம் கிடக்கிறது. இரண்டும் செய்வது ஒரே வேலைதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தேங்காய்ச் சில்லை நானும் வாங்கித் தின்றேன்.

பழனியாண்டி அப்படித்தான் பலகை ஏறினான். அவனுடைய பனியன் கை ரோலரில் மாட்டி, பனியன் பாதியாகக் கிழிந்து போயிற்று. ஆளுக்குக் கீறல்கூட இல்லை. பாதிப் பனியனோடு அவன் நின்ற கோலத்தைப் பார்த்துச் சல்லடை அறைப் பெண்கள் எல்லாம் சிரித்தார்கள், அவன் பெண்சாதி காளியாயியும் சிரித்தாள். "கழிஞ்சிருச்சு, இனி எழுவது வயசு வரைக்கும் ஒனக்கு ஒண்ணும் இல்ல" என்று கோயில் பூசாரி கையில் கயிறு கட்டினார். இரண்டு வருஷமும் சில மாதங்களும் அவன் பெல்ட் மாட்டினான்.

ஆடி மாதம், காற்றும் மழையுமாக ஒரு காலை. மூன்றாம் நம்பர் ரோலரின் பெல்ட் கழன்றது. கழன்றால் எனக்குச் சுவருக்கு இந்தப் பக்கமே தெரியும். பாரம் குறைந்து இன்ஜின் சத்தம் லேசாகும், மறுபடி மாட்டியதும் கனமாகும். அன்றைக்கு லேசான சத்தம் கனமாவதற்குள் மணி அடித்தது. ரோலர் அறையிலிருந்து என் தலைக்கு மேலே தொங்குகிற மணிக்கு ஒரு கயிறு உண்டு. இரண்டு இழுப்பு இழுத்தால் நிறுத்து என்று அர்த்தம். இரண்டு இல்லை, விடாமல் அடித்தது.

நான் எண்ணெயை அந்த நொடியே மூடினேன். இதைச் சத்தியம் செய்து சொல்வேன். ஆனால் எண்ணெயை மூடினால் இன்ஜின்தான் நிற்கும், அதன் பெரிய சக்கரம் நிற்காது. என் உயரத்துக்கு மேலே இருக்கிற வார்ப்பிரும்பு. ஓடின வேகத்துக்குத் தன் பாட்டில் சுற்றிக்கொண்டே இருக்கும். தண்டும் கூடவே சுற்றும். தண்டில் பழனியாண்டியின் கை இருந்தது. நான் சக்கரத்துக்கு முன்னால் சும்மா நின்றேன். தொட்டு நிறுத்துகிற சாமான் இல்லை அது. அந்தப் பக்கம் கேட்ட சத்தத்தை இங்கே எழுதப் போவதில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். பிரேதம் எடுக்கும்போது காளியாயி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "கஸ்பரண்ணே, நீங்க கொஞ்சம் முந்தி நிப்பாட்டியிருக்கக் கூடாதா?"

நான் பதில் சொல்லவில்லை. அவள் கையை விட்டாள். அதற்கப்புறம் என்னோடு பேசவும் இல்லை.

அன்றிலிருந்து எனக்குள் ஏதோ மரத்துப்போயிற்று. அழுகை வரவில்லை. அது போகட்டும், கோபமும் வரவில்லை. ரொட்டி சுட்டது சுடாதது தெரியவில்லை. பெண்சாதி சிசிலி சம்பலில் உப்புப் போட மறந்த நாளில் இரண்டு ரொட்டி கூடுதலாகத் தின்றேனாம். அவள் பயந்துபோய்க் கோயிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தாள்.

விசாரணைக்கு அட்டனிலிருந்து ஒருவர் வந்தார். நிறுத்தினாயா என்று கேட்டார், நிறுத்தினேன் என்றேன். அவ்வளவுதான். தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு, துரை பங்களாவில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். ரோலர் அறையில் இங்கிலீசில் எழுதின பலகை ஒன்று மாட்டினார்கள். ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் டக்ளஸ் ஐயா அதை எங்களுக்கு வாசித்துச் சொன்னார்: "ஓடும் பெல்ட்டைத் தொடாதே." வாசித்து முடித்துவிட்டு, "சரி, இனி பெல்ட் போட யாரு?" என்றார். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை, உள்ளபடி அதுதான் நடந்தது.

பூசாரியும் தன் பங்குக்குக் கணக்கைத் திருத்தினார். பழனியாண்டிக்கு இரண்டு கண்டமாம், ஒன்றுதான் கழிந்திருந்ததாம். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அடுத்த ஆள் அதிக நாள் காக்க வைக்கவில்லை. என் லயத்தில் பக்கத்துக் காம்பரா சிவசாமி, நானும் அவனும் ஒரே வருஷம் ஸ்டோருக்கு வந்தவர்கள். மேல்மாடியில் கொழுந்து வாட்டுகிற இடத்திலிருந்து, கீழே கொழுந்து தள்ளுகிற ஓட்டை வழியாகத் தலைகுப்புற விழுந்தான். கீழே கொழுந்துக் குவியல் மெத்தையாகக் கிடந்தது. எழுந்து தலையில் ஒட்டின இலையைத் தட்டிக்கொண்டு, "கொழுந்து நல்லா வாடியிருக்கு ஐயா" என்றான். அவன் வாய் அப்படி. ஒரு அடி தள்ளி விழுந்திருந்தால் சிமெந்துத் தரை. அதை யாரும் பேசவில்லை. தேங்காய் வந்தது. இந்தத் தடவை என் சில்லை நான் கொழுந்துக் கூடையில் போட்டேன்.

அன்று சாயங்காலம் லயத்து வாசலில் அவனிடம் சொன்னேன்.

"வேணாம்டா மச்சான். முடியாதுன்னு சொல்லிரு."

"ஏன்? எனக்குத்தான் கழிஞ்சிருச்சே."

"பழனியாண்டிக்கும் கழிஞ்சிச்சுன்னுதான் சொன்னாங்க."

"அவனுக்கு ரெண்டுடா. பூசாரி எனக்குப் பாத்துட்டாரு, ஒண்ணுதான்."

"ஓட்டையில விழுந்தே. அந்த ஓட்டைய யாராச்சும் அடைச்சாங்களா? பெறகு எப்படிடா கழிஞ்சிச்சு?"

"நீ வேதக்காரன், ஒனக்குப் புரியாது" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டான். பழைய கஸ்பராக இருந்தால் சட்டையைப் பிடித்து இழுத்திருப்பேன். நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

சிவசாமி பலகை ஏறின நான்காம் நாள் பெல்ட் கழன்றது. சத்தம் லேசானது. என் கை தானாகப் போய் எண்ணெயை மூடியது. இதில் வீரம் ஒன்றும் இல்லை, யோசித்துக்கூடச் செய்யவில்லை. சக்கரம் நிற்கும்வரை அறைக் கதவுக்குக் குறுக்கே நின்றேன். டக்ளஸ் ஐயா ஓடி வந்தார்.

"யாருடா நிப்பாட்டச் சொன்னது? மணி அடிச்சிச்சா?"

"இல்லைங்க."

"யாருக்காச்சும் அடிபட்டிச்சா?"

"இல்லைங்க."

"பெறகென்னடா ஒனக்கு? கொழுந்து பூரா புளிச்சுப்போகுமே, தொரைக்கு நானில்ல பதில் சொல்லணும்!"

இரண்டு வாரத்தில் மூன்று தடவை நிறுத்தினேன். மூன்று தடவையும் சிவசாமி நின்ற சக்கரத்தில் பெல்ட்டை மாட்டினான், மூன்று தடவையும் என்னைத் திட்டினான். தன்னைப் பொட்டப்பிள்ளையாக்கிவிட்டதாகச் சொன்னான். மற்றவர்கள் கேலி செய்தார்கள். ஒருவருக்கும் ஒரு கீறலும் படவில்லை, அதுவே எனக்கு எதிரான சாட்சியாகப் போயிற்று.

துரை கூப்பிட்டார். அவருடைய தமிழில் மரியாதை கிடையாது, ஆனால் விளங்கும். "பதினோரு வருசம் நல்ல வேலை செஞ்சது நீ. இப்ப ஏன் நிப்பாட்டறது? என்ன நடந்தது?"

"ஒண்ணும் நடக்கலைங்க தொரை."

"ஒண்ணும் நடக்க இல்லை. அப்பறம் ஏன்?"

நடக்காததற்குச் சாட்சி எங்கே போய்த் தேடுவது? மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் என் பெயரை மலை வேலைக்குப் படித்தார்கள். இரும்பு முள்ளுக் குத்துகிற ஆட்களோடு போய், தேயிலை மரங்களுக்கு நடுவே மண்ணைக் கிண்டிக்கொடுக்க வேண்டும். எனக்கு எண்ணெய் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த சின்னத்தம்பி டிரைவர் ஆனான்.

மலையிலிருந்தும் இன்ஜின் சத்தம் கேட்கும். மற்றவர்களுக்கு அது காதில் விழாத சத்தம். நான் முள்ளை மண்ணில் குத்துவேன், காது கீழே இருக்கும். சத்தம் லேசாகும். முள்ளைப் பிடித்தபடி நிற்பேன். ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணுவேன். பதினைந்துக்குள் சத்தம் கனமாகும். சரி, சிவசாமி மாட்டிவிட்டான், கை இருக்கிறது. "கஸ்பரு, மண்ணுல என்ன பொதையலா தேடுற?" என்று கங்காணி கத்துவார். மறுபடி குத்துவேன். இப்படி இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை, மழை கூடினால் ஒரே நாளில் இரண்டு தடவை. எட்டு நாள் போயிற்று.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணி இருக்கும். சத்தம் லேசானது. எண்ணினேன். பன்னிரண்டில் சத்தம் தடுமாறியது, இறங்கியது, அப்புறம் இல்லாமலே போயிற்று. பட்டப்பகலில், கொழுந்து வேளையில், எங்கள் இன்ஜின் பெல்ட்டுக்காக நிற்காது. என்னத்துக்காக நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

பக்கத்தில் குத்திக்கொண்டிருந்த இரண்டு பேர் முள்ளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நான் ஓடவில்லை. ஓட வேண்டும் என்று தெரிந்தது. முள்ளை எடுத்து அடுத்த மரத்தடியில் குத்தினேன். அதற்கடுத்த மரத்தடியிலும் குத்தினேன். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பிறகுதான் கீழே இறங்கினேன், குறுக்குப் பாதையில்கூட இல்லை, ரோட்டு வழியாக நடந்தே போனேன்.

ஸ்டோர் வாசலில் கூட்டம் நின்றது. அழுகைச் சத்தம் இல்லை. படியில் சிவசாமி உட்கார்ந்திருந்தான். இரண்டு கையும் இருந்தது. ஒன்றில் பீடி புகைந்துகொண்டிருந்தது.

"என்னடா?" என்றேன்.

"மூணாம் நம்பர் கழண்டிச்சு, நான்தான் நிப்பாட்டச் சொன்னேன். சின்னத்தம்பிய மெரட்டி மூட வச்சேன். டக்ளஸ் ஐயா தொரைகிட்டச் சொல்றதுக்கு ஆபீசுக்கு ஓடியிருக்காரு."

"ஏன்?"

பீடியை இழுத்தான். அவன் வாயில் அன்றைக்குக் கேலி இல்லை.

"பயமாருக்கு மச்சான். எட்டு நாளா பயம். முந்தி நீ அந்தப் பக்கம் இருந்தே. என்னதான் ஆனாலும், மணிய இழுத்தா கஸ்பரு ஒடனே நிப்பாட்டிருவான்னு ஒரு தைரியம். கண்டமாவது மண்ணாவது, ஒன்னைய நம்பித்தான் கைய வுட்டேன். இவன் சின்னப்பய, கை நடுங்குது. இவன நம்பிக் கைய வைக்க முடியல."

நான் அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

"நான் இருந்தாலும் நிக்காதுடா" என்றேன்.

"என்ன?"

"மூடினா நிக்காது. சக்கரம் சுத்திக்கிட்டேதான் இருக்கும். பழனியாண்டிக்கு மணி அடிச்ச ஒடனே மூடினேன். சுத்திச்சு. நான் பாத்துக்கிட்டே நின்னேன், அது சுத்திச்சு."

சிவசாமி என்னையே பார்த்தான். பீடி அவன் விரலைச் சுட்டிருக்க வேண்டும், உதறினான். சுவருக்கு இந்தப் பக்கம் வேலை செய்தவன் நான் ஒருவன், சின்னத்தம்பி ஒருவன். ரோலர் அறை ஆட்கள் அந்தச் சக்கரம் நிற்பதைப் பார்த்ததே இல்லை. வேலை முடிந்து நான் இன்ஜினை மூடுவதற்கு முன்பே அவர்கள் லயத்துக்குப் போயிருப்பார்கள். அந்தப் பக்கம் தண்டு சுற்றிக்கொண்டிருந்தால் நான் இன்னும் மூடவில்லை என்றுதான் நினைப்பார்கள், பழனியாண்டி அன்றைக்கும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். மணியை இழுத்தால் எல்லாம் நின்றுவிடும் என்று இத்தனை வருஷமாக நம்பியிருக்கிறார்கள். பதினொரு வருஷமாக எனக்குத் தெரிந்திருந்தது, தெரிந்ததை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

"இத ஏண்ணே யாருக்கும் சொல்லல?"

வாசலில் காளியாயி நின்றாள். தலைத்துண்டில் தேயிலைத் தூசி.

"யாரும் கேக்கல தங்கச்சி."

"நான் கேட்டேனே" என்றாள்.

கேட்டாள்தான். அன்றைக்கு நான் வாயைத் திறந்து பதில் சொல்லியிருந்தால் சிவசாமி பலகை ஏறியிருப்பானா? என் துக்கத்தை நான் பெரிதாக நினைத்து, வாயை மூடிக்கொண்டு திரிந்தேன். உப்பில்லாத சம்பலைத் தின்றேன். என் பக்கத்துக் காம்பராக்காரன் என்னை நம்பிக் கையை விட்டுக்கொண்டிருந்தான். கோபம் வந்தது. இத்தனை நாளுக்குப் பிறகு, உச்சந்தலை வரைக்கும் வந்தது. முதலில் என் மேல்தான்.

"எல்லாரும் உள்ள வாங்க!" என்று கத்தினேன். பழைய குரல். "சின்னத்தம்பி, காத்தடிடா. பெல்ட்ட மாட்டாதீங்க, மூணாம் நம்பர் அன்னைக்கு மாதிரியே கழண்டு கெடக்கட்டும்."

மாற்றி மாற்றிக் காற்றடித்தார்கள். இன்ஜின் கிளம்பியது. ரோலர் அறை ஆண்களும் சல்லடைப் பெண்களும் இன்ஜின் அறைக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். சக்கரம் முழு வேகம் எடுக்கட்டும் என்று காத்திருந்தேன். சக்கரத்தின் ஒரு ஆரக்காலில் சின்னத்தம்பி நான் சொன்னபடி கிளப்புவதற்கு முன்பே சுண்ணாம்பு தடவியிருந்தான். "மூடினா ஐயா என்னைய உரிச்சிருவாரு அண்ணே" என்றான். "நான்தான் மூடுறேன், என் பேர்ல எழுதிக்கட்டும்" என்று சொல்லி எண்ணெயை மூடினேன்.

"எண்ணுங்க" என்றேன்.

முதலில் வேகத்தில் எண்ண முடியவில்லை, சுண்ணாம்பு வெள்ளையாகக் கோடிழுத்தது. அப்புறம் பிடித்துக்கொண்டார்கள். பத்து வரைக்கும் சிரிப்பும் பேச்சும் இருந்தது. இருபதில் சிரிப்பு நின்றது. டக்ளஸ் ஐயா வாசலில் வந்து ஏதோ கத்தினார், ஒருவரும் திரும்பவில்லை. முப்பதுக்கு மேல் ஒவ்வொரு குரலாக அடங்கியது. சிவசாமி சுவரில் சாய்ந்து, தன் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தான். ஐம்பதில் காளியாயி மட்டும்தான் எண்ணிக்கொண்டிருந்தாள். அழாமல், குரல் ஏறாமல், குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவள்போல எண்ணினாள். அவள் எதை எண்ணுகிறாள் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். டக்ளஸ் ஐயாவும் கத்துவதை நிறுத்திவிட்டார்.

"அறுவத்தி மூணு" என்றாள். சக்கரம் ஒருமுறை பின்னால் அசைந்து நின்றது.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். எல்லாருக்கும் முன்னால், வெட்கமில்லாமல் அழுதேன்.

அன்றைய கொழுந்து நான்கு ரோலரிலும் புளித்துப்போயிற்று. மறுநாள் என் கணக்கை முடித்துப் பத்துச்சீட்டுக் கொடுத்து, தோட்டத்தை விட்டுப் போகச் சொன்னார்கள். நானும் சிசிலியும் சட்டி பெட்டியோடு ரோட்டுக்கு வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. ஸ்டோர் பக்கம் சத்தம் லேசானது. பழக்கத்தில் எண்ண ஆரம்பித்தேன். ஐந்து எண்ணுவதற்குள் இன்ஜின் இறங்கி நின்றது. டக்ளஸ் ஐயா கத்துவது ரோடு வரைக்கும் கேட்டது. அதற்கு மேலே காளியாயியின் குரல் கேட்டது: "சக்கரம் நிக்கட்டுங்கய்யா."